மங்கலாய் வந்த மேப்பிள் மரங்கள்

போத்தனூர்
10 ஜூன் 2024

மெஹராஜ் தம்பிக்கு,

வணக்கம். என் பெயர் ரூத் ஆரோக்கியதாஸ். ஆர்.எஸ்.புரத்தில் நீங்கள் வேலை செய்து கொடுக்கும் ஸ்டுடியோவில் உங்கள் விலாசம் வாங்கினேன். போன் நம்பர் கேட்டதற்கு, "அவிய போன்ல பேச மாட்டாங்க, எழுதித்தான் அனுப்போணும்" என்றார்கள். பெரிய ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருக்கட்டும், எனக்கும் எழுதப் பிடிக்கும். என் வீட்டுக்காரர் ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டியோடு போய்விடும் காலத்தில், அடுப்படி மேடையில் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதி வைத்தே பாதிக் குடித்தனம் நடத்தினோம்.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். போன வருடம் செப்டம்பர் கடைசியில் நாங்கள் இருவரும் கனடாவில் எங்கள் மகள் ஜோவிதா வீட்டுக்குப் போயிருந்தோம். ஒட்டாவா பக்கம். நாங்கள் போன நேரம் அங்கே இலையுதிர்காலம். மேப்பிள் மரங்கள் உதிர்வதற்கு முன்னால் ஒரு சிவப்புச் சிவக்கின்றன பாருங்கள், மலை முழுக்கக் குங்குமத்தைக் கொட்டியது போல இருந்தது. இவர் பணி ஓய்வு பெற்றபோது கூட வேலை செய்தவர்கள் ஒரு கேமரா பரிசளித்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அலைந்தார். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்க மாட்டார். வா என்றால் வர மாட்டார்.

ஊருக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தால் அத்தனையும் மங்கல். கண்ணீரோடு பார்ப்பது போல் இருக்கிறது. "கேமரா சரியில்ல" என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

வருகிற நவம்பரில் எங்கள் திருமணத்துக்கு நாற்பது ஆண்டு நிறைகிறது. அதற்குள் இந்தப் படங்களைத் தெளிவாக்கித் தர வேண்டும். ஹாலில் மாட்டி அவரை அசத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. அவருக்குத் தெரியக்கூடாது. பார்சல் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குவது நான்தான், அதனால் பயமில்லை.

இப்படிக்கு,
ரூத்


கருமத்தம்பட்டி
19 ஜூன் 2024

மதிப்புக்குரிய ரூத் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் தம்பி இல்லைங்க, பெண். பெரிய ஆளும் இல்லை. சின்ன வயதிலேயே ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. நேரில் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் உதடு தெரியாதே, அதனால்தான் எழுதச் சொல்கிறோம். கல்யாண ஆல்பங்களைத் திருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். வீட்டில் நானும் என் அம்மா உம்மல் குல்சுமும் மட்டும்.

படங்களை எல்லாம் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவற்றைத் தெளிவாக்க முடியாது. கை ஆடியதால் வந்த மங்கல் என்றால் ஓரளவுக்கு இழுத்துப் பிடிக்கலாம். இவற்றில் ஃபோகஸே எங்கும் நிற்கவில்லை. இப்போது வரும் சாஃப்ட்வேர்கள் இலை, கிளை, பட்டை எல்லாவற்றையும் தாமாகவே போட்டுத் தெளிவாக்கித் தரும். பார்க்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அவை எங்கேயும் இல்லாத இலைகள். உங்கள் வீட்டுக்காரர் பார்த்தவை அல்ல. அதைச் செய்து உங்களிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நிறங்கள் பத்திரமாக இருக்கின்றன. மங்கலான படத்தில் நிறம் தண்ணீரில் கரைந்தது போல ஒன்றோடொன்று கலந்து நிற்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தூரிகையால் தீட்டிய ஓவியம் போல மாற்றலாம். மாதிரிக்கு இரண்டு படங்களை அப்படிச் செய்து பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பிடித்திருக்கிறதா என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
மெஹராஜ்


போத்தனூர்
27 ஜூன் 2024

மெஹராஜுக்கு,

தம்பி என்று எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு நன்றி. உங்கள் காது விஷயம் தெரியாமல் பெரிய ஆள் என்று வேறு எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாதிரிப் படங்கள் வந்தன. நான் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். எனக்குப் பிடிக்கவில்லை. இலைகள் வெங்காயச் சருகை ஒட்டி வைத்தது போல இருக்கின்றன. ஏரித் தண்ணீரும் அதே சருகு, வானமும் அதே சருகு. இதை மளிகைக்கடைக் காலண்டரில் பார்த்திருக்கிறேன். நான் ஓவியம் கேட்கவில்லை. நாங்கள் பார்த்ததைத்தான் கேட்டேன்.

அங்கே எப்படி இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன். ஒரு நாள் மகளும் மருமகனும் எங்களை மலைமேல் இருக்கும் ஒரு பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். மரங்களுக்கு நடுவே ஒரு தண்டவாளம். வண்டி வருவதே அபூர்வமாம். இவர் அதைப் பார்த்ததும் குனிந்து தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தார். "ரூத்து, இந்த ரூட்ல ஒரே ஒரு தடவ ஓட்டியிருந்தாப் போதும்" என்றார். அவர் ஓட்டியதெல்லாம் ஈரோடும் பாலக்காடும். அந்த இடத்தைத்தான் வெங்காயச் சருகாக்கி அனுப்பியிருக்கிறீர்கள்.

முடியாது என்றால் பென் டிரைவைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வேறு ஏதாவது வழி இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

ரூத்


கருமத்தம்பட்டி
5 ஜூலை 2024

அன்புள்ள ரூத் அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயச் சருகு என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்தப் பிரிண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிங்க. ஒரு பட்டனைத் தட்டினால் படம் முழுக்க ஒரே மாதிரித் தீற்றல் விழும். அதைத்தான் அனுப்பியிருந்தேன். ஆல்பம் வேலையில் யாரும் அதற்கு மேல் கேட்டதில்லை. மரத்துக்கு ஒரு மாதிரி, தண்ணீருக்கு ஒரு மாதிரி என்று கையால் இழுத்துத்தான் தீட்ட வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரோடு இணைத்து வரையும் ஒரு பேனாவும் பலகையும் என்னிடம் இருக்கின்றன. செய்து பார்க்கிறேன், எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள்.

ஆனால் அதற்கு எனக்குச் சில விவரங்கள் வேண்டும். ஏரிப் படத்தில் இடது பக்கம் வெள்ளையாக நிற்பது மரமா, வீடா? தண்டவாளப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது? படம் எடுத்தவரிடமே கேட்டால் நல்லது. ரகசியம் என்று சொல்லியிருக்கிறீர்கள், எப்படியாவது பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கேமரா கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. படத்தோடு சேர்ந்து பதிவாகும் குறிப்பைப் பார்த்தால், லென்ஸை யாரோ கையால் திருப்பித் திருப்பித்தான் எல்லாப் படங்களையும் எடுத்திருக்கிறார்கள். கையால் ஃபோகஸ் செய்யும்போது ஒன்றிரண்டு தவறிப் போவது சகஜம். இங்கே எல்லாமே தவறியிருக்கிறது. அவர் கண்ணாடி போடுகிறவரா? அங்கே இருந்தபோது கண்ணில் ஏதாவது தொந்தரவு இருந்ததா? தப்பாக நினைக்காதீர்கள்.

அன்புடன்,
மெஹராஜ்


போத்தனூர்
14 ஜூலை 2024

மெஹராஜ் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதைக் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்திருந்தார். கேமராவில் கையால் திருப்பியா எடுத்தீங்க, கண்ணு ஏதாவது செஞ்சுதா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். யார் சொன்னது என்றார். எனக்குப் பொய் வராது. உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. "முப்பத்தஞ்சு வருசம் சிக்னல் பாத்த கண்ணு இது. எங்கயோ உக்காந்துட்டு ஒரு பொண்ணு என் கண்ணப் பத்திப் பேசுதா?" என்று சொல்லிவிட்டு அப்படியே எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் இந்த வீட்டில் பேச்சே இல்லை.

கேமரா கம்பெனியைக் குறை சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. படத்தைச் சரிபண்ணக் கொடுத்தால் மனிதரையா சரிபண்ணப் பார்ப்பது? நாற்பதாம் வருடத்துக்கு நான் வைத்திருந்த ஆசையும் வெளியே வந்துவிட்டது. இனி எனக்கு எந்தப் படமும் வேண்டாம். பென் டிரைவை அனுப்பிவிடுங்கள்.

ரூத்


கருமத்தம்பட்டி
20 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

பென் டிரைவை இதோடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனதற்கு என் கேள்விதான் காரணம். அதற்காக வருந்துகிறேன்.

நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் எனக்குக் காது கேட்காது என்று யாருக்கும் தெரியாமல் நான் பல வருடம் ஓட்டினேன். டீச்சர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவேன். பக்கத்திலிருப்பவள் சிரித்தால் நானும் சிரிப்பேன். யாராவது "உனக்குக் கேக்கலையா?" என்று கேட்டால் அவர்கள்மீது எனக்கு அப்படி ஒரு கோபம் வரும். அவர்கள் கேட்டது பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. உங்கள் வீட்டுக்காரர்மீது நீங்கள் கோபப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏரிப் படத்தை மட்டும் கையாலேயே தீட்டி முடித்திருந்தேன். அதை இங்கே வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

மெஹராஜ்


போத்தனூர்
16 செப்டம்பர் 2024

கண்ணு மெஹராஜ்,

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் பல தாள்களைக் கிழித்துவிட்டேன். கண்ணு என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன்னை இனிமேல் நீங்கள் என்று எழுத எனக்கு வராது.

உன் பார்சல் வந்த அன்று அதைப் பிரித்து, படத்தை டிவி ஸ்டாண்டு மேலே சாத்தி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு கசப்பு. அவர் வெளியே போய்விட்டு வந்தார். வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"இது அந்த ஏரிதானே?" என்றார்.

பல நாளுக்கப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால், அவர் பேப்பர் படிப்பதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. "பேப்பர்ல என்ன இருக்குது, எல்லாம் சண்டைதான்" என்பார். கோயிலில் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிடுவார். டிவி பார்த்தால் பக்கத்தில் போய் உட்காருவார். நான் இதையெல்லாம் வயசு என்றே நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவர் வாசலிலிருந்தே ஏரியைக் கண்டுகொண்டார்.

"அதேதானுங்க. எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

அப்புறம் சோபாவில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு அங்க எல்லாமே இப்படித்தான் தெரிஞ்சுது, ரூத்து. அந்த ஊரு வெளிச்சமே அப்படித்தான் போலன்னு நெனச்சேன். கேமராவுல எப்படித் திருப்பினாலும் அப்படித்தான் இருந்துச்சு. ஊட்டுக்கு வந்தேன். இங்கயும் அப்படியே இருந்துச்சு."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

ஏனுங்க எங்கிட்டச் சொல்லல என்று கேட்டதற்கு அவர் சொன்னதை உனக்கு எழுதியே ஆக வேண்டும். அவருடைய அப்பா அடுத்தவர் தோட்டத்தில் மம்பட்டி பிடித்தவர். தாத்தாவும் அப்படித்தான். இவர் ரயில்வேயில் சேரப் போனபோது எத்தனையோ பேர் கண் பரிசோதனையில் திரும்பிப் போனார்களாம். இவர் கடைசி வரி வரைக்கும் படித்தார். "எங்கூட்ல யாருக்கும் நெலமில்ல, படிப்பில்ல. இந்தக் கண்ணுதான் எங்களக் கரையேத்துச்சு. அது போயிருச்சுன்னு யாருகிட்டச் சொல்லுவேன்?" என்றார்.

அடுத்த நாளே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை, விழித்திரை வரைக்கும் போய்விட்டதாம். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதாம். போனது முழுவதும் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். இரண்டு ஊசி முடிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்கிறார். ஆட்கள், நிறங்கள், பெரிய பெரிய உருவங்கள் எல்லாம் தெரிகின்றன. எழுத்தும் முகமும்தான் தெரியவில்லை.

ஸ்கூட்டர் சாவியை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு ஞாயிறும் அதே ஸ்கூட்டரில்தான் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். ரயில்வே கேட் பக்கம் ஒரு தடவை ஆட்டோவில் உரசி, ஆட்டோக்காரனை அவர் சத்தம் போட்டபோது நானும் சேர்ந்து சத்தம் போட்டேன். பாவம் அந்த மனிதன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

உன் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வராமல் இருந்திருந்தால் இதெல்லாம் என்னவாகியிருக்கும்? நான் உன்னைத் திட்டி எழுதினேன். நீ திருப்பித் திட்டாமல் உன் பள்ளிக்கூடக் கதையைச் சொன்னாய். ஆண்டவருக்கு முன்னால் முழந்தாளிடும்போது உன் பெயரையும் உன் அம்மா பெயரையும் சொல்கிறேன். நீங்கள் தொழுகிற இடத்தில் எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவை மறுபடியும் அனுப்புகிறேன். இந்தத் தடவை அனுப்பச் சொன்னது அவர். "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு, மத்த படத்தையும் செய்யட்டும்" என்றார். ஏரிக்கரையில் வெள்ளையாக நின்றது பிர்ச் மரமாம். தண்டவாளத்தில் வெயில் வலப்பக்கமிருந்து சாய்ந்து விழுந்ததாம். சாயங்காலம்.

உன்,
ரூத் அம்மா


கருமத்தம்பட்டி
30 செப்டம்பர் 2024

என் ரூத் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குத்தான் காது கேட்காது, அவருக்கு எழுத்துத் தெரியாது. ஐயாவின் கண்ணில் இருப்பதைக் காப்பாற்றலாம் என்ற இடத்தில் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு துஆ செய்தார். உங்களைத் தொழுகையில் நினைக்கச் சொல்ல வேண்டுமா என்ன?

வேலை நன்றாகப் போகிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக விசைத்தறிகள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது, ஆனால் தரையும் மேசையும் அதிரும். மெல்லிய கோடு இழுத்தால் நடுங்கிவிடும். அதனால் கரண்ட் போவதற்குக் காத்திருக்கிறேன். தறி நின்றுவிடும், லேப்டாப் பேட்டரியில் ஓடும். ஊரெல்லாம் கரண்ட்டைத் திட்டிக்கொண்டிருக்கும்போது நான் கிளைகளைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

மங்கலை இப்போது நான் எதிரியாகப் பார்ப்பதில்லை. ஐயா பார்த்தது அதுதான் என்று நீங்கள் எழுதிய பிறகு எனக்கு எல்லாம் இலகுவாகிவிட்டது. சிவப்பு எங்கே ஆரஞ்சுக்குள் போகிறதோ அங்கே நானும் விட்டுவிடுகிறேன். ஓரங்களை மட்டும் கொஞ்சம் அழுத்தி, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே வித்தியாசத்தைக் கூட்டுகிறேன். அப்போதுதான் அவருக்கு வாசலிலிருந்தே தெரியும்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. காகிதத்தில் போடாமல் கேன்வாஸ் துணியில் அச்சடித்து, அதன்மேல் நிறமில்லாத ஒரு ஜெல்லைப் பிரஷ்ஷால் மேடு மேடாகப் பூசலாம். தூரிகை போன வழியெல்லாம் காய்ந்து தடித்து நிற்கும். விரலால் தடவினால் மரம் எது, தண்ணீர் எது என்று தெரியும். ஐயாவுக்குப் பிடிக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். நான்கு படங்கள் செய்வதாக இருக்கிறேன். ஏரி, தண்டவாளம், வளைந்து போகும் சாலை, மரக்கொட்டகை.

ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டேன். அதில் ஒன்றுமே இல்லை. மஞ்சளாக ஒரு கலங்கல், அதன் ஓரத்தில் நீலமாக ஒரு தீற்றல். கேமரா தவறுதலாகத் தட்டுப்பட்டு விழுந்த படமாக இருக்கும்.

அன்புடன்,
மெஹராஜ்


போத்தனூர்
11 அக்டோபர் 2024

கண்ணு,

ஜெல் விஷயத்தைச் சொன்னேன். தொட்டுப் பார்க்கிற படமா என்று கேட்டுவிட்டு, "செய்யச் சொல்லு" என்றார். உன் கடிதங்களை நான்தான் இப்போது அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். கரண்ட் போனதும் நீ கிளை தீட்டுவதைக் கேட்டு, "நல்ல புள்ள" என்றார்.

ஒதுக்கிவிட்டதாக நீ எழுதிய படத்தைப் பற்றிப் படித்ததும் கையை நீட்டி என்னை நிறுத்தினார். மறுபடி படி என்றார். படித்தேன்.

"அதுல நீதான் இருக்கே, ரூத்து" என்றார்.

எனக்கு நினைவே இல்லை. குளிருக்காக மகள் எனக்கு ஒரு நீலச் சால்வை வாங்கிக் கொடுத்திருந்தாள். இலைகள் மஞ்சளாக உதிர்ந்து கிடந்த ஒரு பாதையில் நான் அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தேனாம். கூப்பிட்டாராம், நான் திரும்பினேனாம். அந்த நேரத்தில் எடுத்தாராம். மற்றவை எல்லாம் எப்படி வந்தாலும் பரவாயில்லை, இது முதலில் வேண்டும் என்கிறார்.

இன்னொன்றும் சொன்னார். எல்லாப் படத்தின் அடியிலும் உன் பெயர் இருக்க வேண்டுமாம். ஸ்டுடியோ பெயர் வேண்டாம், உன் பெயர். கைப்பட எழுதிக் கொடு.

ரூத் அம்மா


கருமத்தம்பட்டி
4 நவம்பர் 2024

அன்புள்ள ரூத் அம்மாவுக்கும் ஐயாவுக்கும்,

ஐந்து படங்களும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. மெல்லப் பிரியுங்கள், ஜெல் காய்ந்துவிட்டது, என்றாலும் ஓரம் உடையலாம்.

நீலச் சால்வைப் படத்தை நான் ஒதுக்கியதற்கு மன்னியுங்கள். அதில் ஒரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அதைப் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது. தோள் எது, சால்வையின் நுனி எது என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய வந்தது. காலடியில் கிடக்கும் மஞ்சளைத்தான் தடிமனாகப் பூசியிருக்கிறேன். சால்வையை மெல்லிசாக, துணி மாதிரியே விட்டிருக்கிறேன்.

முகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அங்கே வெளிச்சமாக ஒரு பொட்டுத்தான் இருக்கிறது. கண்ணும் மூக்கும் நானாகப் போட்டால் அது யாரோ ஒருவர் முகம். உங்கள் தெளிவான புகைப்படம் ஒன்று அனுப்பினால் அதைப் பார்த்து வரைந்து சேர்த்துவிடுகிறேன். இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன்.

என் பெயரை எழுதியிருக்கிறேன். இத்தனை வருட வேலையில் நான் செய்த எதிலும் என் பெயர் இருந்ததில்லை. கடைசிப் படத்தில் எழுதும்போது தறி ஓடிக்கொண்டிருந்தது. "ஜ்" கொஞ்சம் நடுங்கிவிட்டது. ஐயா பொறுத்துக்கொள்ளட்டும். என் அம்மா அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதுதான் உம் பேரா என்று கேட்டார்.

உங்கள் இருவருக்கும் நன்றி.

மெஹராஜ்


போத்தனூர்
14 நவம்பர் 2024

கண்ணு மெஹராஜ்,

நேற்று எங்கள் நாள் நல்லபடியாக முடிந்தது. காலையில் கோயிலில் பூசை, மத்தியானம் வீட்டில் பிரியாணி. உன்னையும் அம்மாவையும் எதிர்பார்த்தோம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நீ செய்தி அனுப்பியதைப் பார்த்துக்கொண்டோம். இப்போது தேவலையா?

ஹாலில் ஐந்து படங்களும் வரிசையாக மாட்டியிருக்கின்றன. வந்தவர்களை ஒவ்வொன்றின் முன்னாலும் நிறுத்தி அவர் விளக்கம் சொன்னதை நீ பார்த்திருக்க வேண்டும். தண்டவாளத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, இங்க லேசா ஏத்தம், இங்க வளைவு என்று வண்டி ஓட்டியே காட்டிவிட்டார். கூட வேலை செய்த நண்பர்களிடம் தன் கண்ணைப் பற்றித் தானே சொன்னார். மறைக்கவில்லை. அவர்களில் ஒருவர், எனக்கும் கொஞ்ச நாளா மங்கலாத்தான் இருக்குது, நானும் போய்க் காட்டணும் என்றார். இவர் அவரை விடவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எல்லாம் சொல்லி, நாளைக்கே நானும் கூட வாரேன் என்று சொல்லிவிட்டார். இன்று காலை இருவரும் பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். நான் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

எல்லோரும் போன பிறகு ஜோவிதா வீடியோவில் வந்தாள். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். சால்வைப் படத்தைப் பார்த்ததும், "அம்மா, உம்பட மூஞ்சியே இல்லியே. அந்தக்கா வரைஞ்சு தாரேன்னாங்கல்ல, போட்டோவ அனுப்பீரு" என்றாள். நானும் எந்தப் போட்டோவை அனுப்பலாம் என்று பீரோவைத் திறந்து தேடத் தொடங்கினேன்.

அவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கால் பக்கத்து மஞ்சள் இலைகளைத் தடவிக்கொண்டே மேலே வந்து, சால்வையைத் தொட்டு, நீ வெறுமையாக விட்ட அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"போட்டோ ஒண்ணும் அனுப்ப வேண்டாம்" என்றார். "மூஞ்சி எனக்குத் தெரியும்."

நான் பீரோவை மூடிவிட்டேன். படம் நீ அனுப்பியபடியே இருக்கட்டும், கண்ணு.

உன்,
ரூத் அம்மா